காய்ந்த மரம் என்று ஈர மரத்தை விற்றார்கள்: மலையில் மரவீடு கட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை

மலைச்சரிவில் சிறியதொரு மரவீட்டைக் கையில் பணமும் நேரமும் சேரச் சேரக் கட்டி வருபவர்கள், சுவருக்கும் கூரைக்கும் மரம் வாங்கும் கட்டத்தில் மிகுந்த விழிப்போடு இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நன்றாக உலர்ந்தது, அழுத்த முறையில் மருந்து ஏற்றப்பட்டது என்று சொல்லி அந்தத் தரத்துக்குரிய முழு விலையையும் எங்களிடம் வாங்கிக்கொண்ட ஒரு மரவாடிக்காரர், அறுத்து அதிக நாள் ஆகாத ஈர மரத்தைச் சாயத்தில் தோய்த்து அனுப்பிவைத்தார். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் கையாண்ட வழி வேறு இடங்களிலும் எளிதாகக் கையாளக்கூடியது. அடுத்தவருக்குப் பயன்படப்போவது அந்த வழியைப் பற்றிய தெளிவுதான்.

பகுதி பகுதியாகக் கட்டுவதில் நன்மைகள் பல உண்டு. கடன் சுமை இல்லை, ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாக யோசித்துச் செய்யலாம், முதல் பருவத்தில் கற்றதை அடுத்த பருவத்தில் பயன்படுத்தலாம். ஆனால் அதே முறை விற்பவருக்கும் ஒரு வாய்ப்பைத் தருகிறது. மொத்த மரத்தையும் ஒரே முறையில் வாங்குபவர் குறை கண்ட உடனே அனைத்தையும் திருப்பி அனுப்பிவிடலாம். கட்டம் கட்டமாக வாங்குபவரிடமோ முதல் லோடை ஒழுங்காகக் கொடுத்து நம்பிக்கையைப் பெற்றபின் அடுத்த லோடில் கைவைக்க முடியும். தரைக்கு அடியில் வரும் உத்திரங்களும் தரைப்பலகைகளும் குறைசொல்ல முடியாதவையாகவே எங்களுக்கு வந்தன. அவை இன்றுவரை முறுக்கிக்கொள்ளவில்லை. அதைக் காட்டித்தான் சுவருக்கும் கூரைக்கும் உரிய பெரிய ஆர்டரையும் அதன் பெரும்பகுதித் தொகையையும் அவர் முன்கூட்டியே பெற்றார். மலையில் கட்டுவதற்கு உகந்த பருவம் குறுகியது என்பதும், வானிலை மாறுவதற்குள் கூரை ஏறியாக வேண்டிய நெருக்கடி எங்களுக்கு இருந்தது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

லாரி பாதை முடியும் இடம் வரைதான் வரும். அங்கிருந்து மரத்தைச் சுமந்துதான் ஏற்ற வேண்டும். பகலில் வருவதாகச் சொன்ன லாரி வெளிச்சம் மங்கும் வேளையில் வந்தது. மீதித் தொகை கைக்கு வந்தால்தான் கயிற்றை அவிழ்ப்பேன் என்றார் ஓட்டுநர். அவர் நீட்டிய சீட்டில் ‘சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, ‘எண்ணிக்கை மட்டும் பார்க்கப்பட்டது, தரம் பார்க்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டோம். பின்னாளில் எங்களுக்குக் கைகொடுத்த ஆவணம் அந்தச் சீட்டுதான் என்பதால், இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லாரியோடு வந்த மரவாடி ஆள் கையில் ஈரப்பதமானி ஒன்றை வைத்திருந்தார். மேலடுக்கில் இருந்த பலகைகளில் அதன் முட்களைக் குத்தி, 16 சதவீதம் என்று எங்களுக்குக் காட்டினார். அந்த எண் பொய்யானதன்று. ஏமாற்று நடந்தது அந்த எண் எடுக்கப்பட்ட இடத்தில். இந்தக் கருவி இரண்டு முட்களுக்கு இடையே மரம் மின்சாரத்துக்குக் காட்டும் தடையை அளந்து ஈரத்தைக் கணிக்கிறது. முட்கள் சில மில்லிமீட்டர் ஆழமே இறங்கும். வெயிலும் காற்றும் பட்ட மேற்புறம் சில நாட்களிலேயே உலர்ந்துவிடும். 75 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையின் நடுப்பகுதியோ அப்போதும் அறுத்த நாளில் இருந்ததைப் போலவே நனைந்திருக்கும். பலகையின் முனையில் குத்துவதும் இதே வகைதான், ஏனென்றால் மரத்தின் நார் ஓடும் திசையில் நீர் மிக விரைவாக வெளியேறுவதால் முனைகள் எப்போதும் முதலில் காய்கின்றன. உண்மையை அறிய வேண்டுமானால், கட்டின் அடியிலிருந்து நீங்களே ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து, முனையிலிருந்து அரை மீட்டராவது உள்ளே தள்ளிக் குறுக்காக அறுத்து, புதிதாக வெளிப்பட்ட முகத்தின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். ஒரு பலகையை வீணாக்குவதா என்று விற்பவர் தயங்கினால் அந்தப் பலகையின் விலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மொத்த லோடின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

சுவரின் கீழ்வரிசைகளை ஏற்றத் தொடங்கியபோது, ஆணி இறங்கிய இடத்தைச் சுற்றி நீர் கசிந்தது. கட்டின் நடுவே இருந்த பலகைகளின் வெள்ளைப் பகுதியில், அதாவது மரத்தின் பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில், நீலச்சாம்பல் நிறக் கறை படர்ந்திருந்தது. அந்தக் கறை ஒரு வகைப் பூஞ்சை. மரத்தின் வலிமையை அது பெரிதாகக் குறைப்பதில்லை என்றாலும், மரம் நெடுநாள் ஈரத்தோடு நெருக்கி அடுக்கப்பட்டிருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. வேலையை நிறுத்திவிட்டு, எவரும் மறுக்க முடியாத சோதனையைச் செய்தோம். பலகையின் நடுப்பகுதியிலிருந்து சிறு துண்டு ஒன்றை அறுத்து உடனே எடை பார்த்து, 103 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்புப் பெட்டியில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் எடை பார்க்க வேண்டும். எங்கள் துண்டு 540 கிராமிலிருந்து 370 கிராமுக்கு இறங்கியது. வெளியேறிய 170 கிராம் நீரை உலர்ந்த எடையான 370-ஆல் வகுத்தால் ஈரப்பதம் ஏறத்தாழ 46 சதவீதம்.

இந்தக் கணக்கை மரவாடிக்காரரிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் அதே 170 கிராமை ஈர எடையான 540-ஆல் வகுத்து, “31 சதவீதம்தான் சார் வருது, மலைக்காத்துல ஒரு மாசத்துல காஞ்சிடும்” என்றார். மரத் தொழிலில் ஈரப்பதம் என்பது உலர்ந்த எடையை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அது அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய கணக்கையே ஏற்றுக்கொண்டாலும் அந்த மரம் கட்டுமானத்துக்கு உகந்ததன்று. மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகள் 20 சதவீதத்துக்குக் கீழே வளர முடிவதில்லை. வட அமெரிக்கத் தர முத்திரைகளில் ‘உலர்ந்தது’ என்று குறிக்கப்படும் கட்டுமான மரத்துக்கு உச்ச வரம்பு 19 சதவீதம். ஒரு மாதத்தில் காய்ந்துவிடும் என்பதும் சரியன்று. திறந்த வெளியில் அடுக்கி உலர்த்தும் மரத்துக்குத் தச்சர்கள் வழிவழியாகச் சொல்லும் தோராயக் கணக்கு, 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஓராண்டு. மர வகையையும் காற்றோட்டத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். எப்படியும் மாதங்களில் முடிகிற காரியமன்று.

இவ்வளவு ஈரமான மரத்தால் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு அருகே இறங்கும்வரை மரம் சுருங்குவதில்லை. அதற்குக் கீழே போகப்போகத்தான் சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் அந்தச் சுருக்கம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. குறுக்கே அப்படியன்று, ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. 200 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை, 15 சதவீதத்துக்கு உலரும்போது 8 மில்லிமீட்டர் வரை எளிதாகக் குறுகும். அத்தகைய பலகைகளைப் படுக்கை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்றாகப் 12 வரிசை அடுக்கினால், 2.4 மீட்டர் உயரச் சுவர் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். செங்குத்தாக நிற்கும் கதவு நிலையும் முன்தாழ்வாரத் தூண்களும் தாழ்வதில்லை. அப்போது சுவரின் மேல்வரிசைகள் கதவு நிலையின் மேல் தொங்கிக்கொண்டு நிற்க, அவற்றுக்குக் கீழே இடைவெளிகள் திறந்துகொள்ளும். தூண்கள் தாங்கும் பக்கத்தில் கூரை உயர்ந்தும் சுவர் தாங்கும் பக்கத்தில் இறங்கியும் கைமரங்களின் பொருத்துகள் பிதுங்கும். ஈர மரத்தால் தெரிந்தே கட்டுபவர்கள், கதவுக்கும் சன்னலுக்கும் மேலே சுருக்கத்துக்கான இடைவெளி விட்டு, தூண்களின் அடியில் இறக்கி ஏற்றக்கூடிய திருகு தாங்கிகளை வைத்துக் கட்டுகிறார்கள். அது நேர்மையான, நன்கு அறியப்பட்ட முறை. மரம் ஈரமானது என்று விற்பவர் சொல்லியிருந்தால் குறைந்த விலைக்கு வாங்கி நாங்களும் அப்படிக் கட்டியிருக்கலாம். அந்தத் தேர்வையே எங்களிடமிருந்து பறித்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

மருந்து ஏற்றியதாகச் சொன்னதும் இதோடு சேர்ந்து உடைந்தது. அழுத்த முறை என்பது, மூடிய உருளைத் தொட்டிக்குள் மரத்தை வைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, மருந்துக் கரைசலை நிரப்பிப் பேரழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்துவது. 1838-இல் ஜான் பெத்தெல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. மரத்தின் நுண்குழல்கள் நீரால் நிறைந்திருந்தால் மருந்து நுழைய இடமேது? ஆகவே மரத்தை முதலில் தேவையான அளவுக்கு உலர்த்திய பிறகே தொட்டிக்குள் ஏற்றுவது முறை. ஏற்றி முடித்ததும் மரம் மீண்டும் ஈரமாகும் என்பது உண்மை; அதைத்தான் மரவாடிக்காரரும் இரண்டாவது விளக்கமாகச் சொன்னார். ஆனால் எங்கள் பலகையைக் குறுக்கே அறுத்தபோது, சாயத்தின் பச்சை நிறம் மேலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே இறங்கியிருந்தது. அதற்கு உள்ளே வெள்ளைப் பகுதி முழுவதும் நிறமின்றி வெளிறிக் கிடந்தது. மரத்தின் நடுவே உள்ள வைரப் பகுதி அழுத்தத்திலும் மருந்தை எளிதில் ஏற்காது. வெள்ளைப் பகுதியோ நன்றாக ஏற்கும். பூச்சியும் பூஞ்சையும் முதலில் தாக்குவதும் அதைத்தான். அது வெறுமையாக இருந்தால் நடந்தது தோய்ப்பு மட்டுமே. நிறத்தை மட்டும் நம்ப விரும்பாதவர்களுக்கு, குரோம் அசூரால் எஸ் என்ற வேதிப்பொருளின் கரைசல் இருக்கிறது. அறுத்த முகத்தில் தெளித்தால், தாமிரம் கலந்த மருந்து ஏறிய இடமெல்லாம் அடர்நீலமாக மாறும்.

இங்கே உடல்நலம் சார்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மலைவீட்டில் குளிருக்கு விறகடுப்பு இருக்கும், தச்சுவேலையில் மிஞ்சிய துண்டுகளை அதில் போடும் பழக்கமும் இருக்கும். 1933-இல் சொண்டி காமேசன் உருவாக்கிய தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து உலகெங்கும் பயன்பட்டது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த மருந்து ஏறிய மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். எங்கள் மரத்தில் தோய்க்கப்பட்டது எது என்று மரவாடிக்காரர் கடைசிவரை எழுதித் தரவில்லை. மருந்தின் பெயரை எழுத்தில் தராதவரிடம் வாங்கிய மரத்தில் ஒரு சிராய்கூட அடுப்புக்குப் போகக் கூடாது; அறுக்கும்போது முகமூடி அணிந்துகொள்ளுங்கள்.

அவர் முதலில் எதையும் ஏற்கவில்லை. பில்லில் ‘நன்கு உலர்ந்தது’ என்றுதான் இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று இல்லை என வாதிட்டார். அந்தச் சொல்லுக்கு அளவு ஏதும் கிடையாது என்பது உண்மைதான். எடைச் சோதனையின் படங்கள், அறுத்த முகத்தின் படங்கள், எங்கள் கையெழுத்துக் குறிப்போடு இருந்த சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து எழுத்து வழியே புகார் அனுப்பிய பிறகு, பிரிக்காத கட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவற்றுக்குரிய பணத்தைக் கொடுத்தார். திரும்பக் கொண்டுசெல்லும் கூலியை எங்கள் தலையிலேயே கட்டினார். பிரித்த கட்டுகளுக்கும், ஏற்கனவே சுவரில் ஏறிய வரிசைகளுக்கும், இழந்த பருவத்துக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

ஏறிய வரிசைகளைக் கழற்றிவிட்டோம். அந்தப் பலகைகளைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தி, வரிசைக்கு வரிசை 25 மில்லிமீட்டர் குச்சிகளை நேர்க்கோட்டில் வைத்து அடுக்கி, முனைகள் விரைந்து காய்ந்து வெடிக்காதபடி பெயிண்ட் பூசி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டிருக்கிறோம்.

சுவருக்கு இப்போது வேறொருவரிடம் ஆர்டர் கொடுத்திருக்கிறோம். பலகையின் நடுப்பகுதியில் ஈரப்பதம் 19 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மருந்தின் பெயரும் ஏற்றிய முறையும் பில்லில் இருக்க வேண்டும், இறக்கிய பிறகு நாங்கள் தேர்ந்தெடுக்கும் பலகைகளை அறுத்துப் பார்த்த பின்னரே மீதித் தொகை, லாரி பகல் வெளிச்சத்தில் வர வேண்டும் என்ற நிபந்தனைகளை எழுதிக் கேட்டோம். மறுத்தவர்களை விட்டுவிட்டோம். ஒப்புக்கொண்டவர் கேட்ட ஒரே மாற்றம், அறுத்துப் பார்க்கும் பலகைகள் தரமானவையாக இருந்தால் அவற்றின் விலையை நாங்கள் தர வேண்டும் என்பது. அது நியாயமான கோரிக்கை என்பதால் அதையும் அதே தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டோம்.