நானோ விஎன்ஏ: நான்கு வருடம் கூடவே வைத்திருந்த பிறகு

வாங்கிய முதல் வாரமே இதைப் பற்றி எழுதியிருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பேன், ஆறு மாதம் கழித்து எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நல்லவேளை, இரண்டையும் செய்யவில்லை. இப்போது நான்கு வருடம் ஓடிவிட்டது. ஒரு பேட்டரி மாற்றியாயிற்று, ஒரு கனெக்டரை மறுபடி பற்றவைத்தாயிற்று, மேசையில் மல்டிமீட்டருக்கு அடுத்து கை போகும் கருவி இதுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வெக்டர் நெட்வொர்க் அனலைசர் (விஎன்ஏ) ஒரு உயர் அதிர்வெண் சிக்னலைத் தானே உண்டாக்கி, நாம் மாட்டிய பொருளுக்குள் அனுப்பும். அதில் எவ்வளவு முட்டித் திரும்புகிறது (எஸ்11), எவ்வளவு மறுபக்கம் போய்ச் சேருகிறது (எஸ்21) என்று அளவையும் ஃபேஸையும் (அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும்) சேர்த்துக் காட்டும். ஆய்வகத்தில் இருக்கும் பெரிய பெட்டி செய்வதும் இதைத்தான். நானோ விஎன்ஏ அதன் உள்ளங்கை வடிவம்; என்னிடம் இருப்பது 2.8 அங்குலத் திரை கொண்ட ஹெச் வகை. இதன் உள்ளே இருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும், மரியாதையும் வரும். கடிகாரத் துடிப்பு கொடுப்பதற்கென்று வந்த எஸ்ஐ5351 சிப்தான் சிக்னல் ஜெனரேட்டர். மூன்று எஸ்ஏ612 மிக்ஸர்கள் அந்தச் சிக்னலைச் சில கிலோஹெர்ட்ஸுக்கு இறக்க, அதை எண்ணாக மாற்றும் வேலையைப் பாட்டு கேட்கும் கருவிகளில் வரும் ஆடியோ கோடெக் பார்த்துக்கொள்கிறது. இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

சரி, முதல் ஆறு மாதம் ஏன் திட்டினேன்? தப்பு என் பக்கம்தான். 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கால் அலை ஆன்டெனா செய்துகொண்டிருந்தேன். கருவியின் வாயிலேயே ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைத்த முனை), லோட் (50 ஓம் தடை) மூன்றையும் மாட்டிக் கேலிபரேஷன் (தெரிந்த பொருளை வைத்துக் கருவியைத் திருத்துவது) முடித்தேன், அப்புறம் ஒரு மீட்டர் கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் ஆன்டெனாவை மாட்டி, ரியாக்டன்ஸ் (ஃபேஸைத் திருப்பும் எதிர்ப்பு, ஆன்டெனா ஒத்திசையும் இடத்தில் இருக்காது) எங்கே பூஜ்யம் ஆகிறது என்று பார்த்துக் கம்பியை வெட்ட ஆரம்பித்தேன். ஐந்து மில்லிமீட்டர் வெட்டுவேன், கோடு எதிர்பார்த்த இடத்துக்கு வராது, இன்னொரு ஐந்து வெட்டுவேன். கடைசியில் கையில் இருந்தது 160 மெகாஹெர்ட்ஸுக்குக்கூடக் கட்டையாகிவிட்ட ஒரு குச்சி. கேலிபரேஷன் எந்த முனையில் செய்தோமோ அந்த முனையிலிருந்து வெளியே இருக்கும் அத்தனையையும் கருவி ஒரே பொருளாகத்தான் பார்க்கும். நான் அளந்துகொண்டிருந்தது ஆன்டெனாவை அல்ல, கேபிளும் ஆன்டெனாவும் சேர்ந்த ஒரு கலவையை. நடுவில் 50 ஓம் கேபிள் வந்தால் எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு முட்டித் திரும்புகிறது என்பதற்கான எண், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) பெரிதாக மாறாது, ஆனால் ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் தலைகீழாகப் புரண்டுவிடும். எஸ்டபிள்யூஆரை மட்டும் பார்த்திருந்தாலே அந்தக் கம்பி பிழைத்திருக்கும்.

அன்றிலிருந்து கேபிளின் மறுமுனையில்தான் கேலிபரேஷன். முடிந்ததும் ஸ்மித் சார்ட்டை (ரெசிஸ்டன்ஸையும் ரியாக்டன்ஸையும் சேர்த்து ஒரே புள்ளியாகக் காட்டும் வட்டம்) ஒரு தடவை பார்ப்பேன்: ஓபன் மாட்டினால் வலது ஓரத்தில் ஒரு புள்ளி, ஷார்ட் என்றால் இடது ஓரத்தில், லோட் என்றால் நட்டநடுவில். புள்ளிக்குப் பதில் வளைந்த வால் ஒன்று தெரிந்தால் எங்கோ ஒரு கனெக்டர் சரியாக முறுகவில்லை. (பெல் ஆய்வகத்தின் ஃபிலிப் ஸ்மித் 1939-ல் காகிதத்தில் கணக்குப் போடுவதற்கென்று வெளியிட்ட வட்டம் அது. இன்றைக்கு உள்ளங்கைத் திரையில் வண்ணக் கோடாக ஓடுகிறது.)

இன்னொரு பொடி விஷயம் கையேட்டில் இருந்தும் பலர் கண்ணில் படுவதில்லை, எனக்கும் ஒரு வருடம் கழித்துத்தான் பட்டது. திரையின் இடது ஓரத்தில் 'சி' என்று ஒரு ஆங்கில எழுத்து நிற்கும். அது பெரிய எழுத்தாக இருந்தால், கேலிபரேஷன் செய்த அதே அதிர்வெண் வரம்பில்தான் இப்போதும் அளக்கிறோம். சின்ன எழுத்தாக மாறியிருந்தால் வரம்பை நாம் மாற்றிவிட்டோம், திருத்த எண்களைக் கருவி இடையில் ஊகித்துப் போட்டுக்கொள்கிறது. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே கேலிபரேஷன் என்றால், 101 புள்ளிகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. நடுவில் ஒரு மீட்டர் கேபிள் இருந்தால், அந்த இடைவெளிக்குள் திரும்பி வரும் அலையின் ஃபேஸ் 30 டிகிரிக்கு மேல் சுழன்றுவிடும். ஊகம் எப்படிச் சரியாக வரும்? எந்த வரம்பில் அளக்கப் போகிறோமோ அதை முதலில் வைத்து, ரீசெட் கொடுத்து, அப்புறம்தான் கேலிபரேஷன். ரீசெட்டை மறந்தால் பழைய திருத்தத்தின் மேல் புதிய திருத்தம் ஏறி, வரும் விடை இரண்டுக்கும் பொருந்தாது.

இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய உபகாரம் ஒரு பழைய கேபிள் விஷயத்தில். மாடியில் இருந்த ஆன்டெனாவுக்கு இருபது மீட்டர் கோஆக்ஸ் கேபிள், கீழிருந்து பார்த்தால் எஸ்டபிள்யூஆர் 1.3, யாரும் குறை சொல்ல முடியாத எண். ஆனால் ஒன்றும் சரியாகக் கேட்பதில்லை. ஆன்டெனாவைப் பலமுறை கழற்றி மாட்டியும் பலனில்லை. ஒருநாள் மேலே ஆன்டெனாவைக் கழற்றிய நிலையிலேயே கீழே வந்து எதேச்சையாக அளந்தேன். திரையில் 1.4. கேபிளின் அந்த முனையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் முட்டித் திரும்பி எண் விண்ணுக்குப் போயிருக்க வேண்டும்! 1.4 என்றால் திரும்பி வந்தது சுமார் 15.6 டெசிபெல் குறைந்து வந்திருக்கிறது. போகவும் வரவும் சேர்த்து அவ்வளவு என்றால் ஒரு வழிக்கு 7.8, அதாவது அனுப்பும் சக்தியில் ஆறில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேர்கிறது. வெளி உறையைக் கீறினால் உள்ளே பின்னல் பச்சை பூத்துக் கிடந்தது, மழைநீர். சிக்னலைத் தின்றுவிடும் கேபிள் எப்போதும் நல்ல எஸ்டபிள்யூஆர்தான் காட்டும், திரும்பி வருவதற்கு எதையும் மிச்சம் வைக்காது அல்லவா. இப்போதெல்லாம் எந்தக் கேபிளையும் மறுமுனையைத் திறந்துவிட்டு ஒருமுறை அளக்காமல் நம்புவதில்லை.

ஆன்டெனாவோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதிக் கருவியைத்தான் உபயோகிக்கிறார்கள் என்பேன். நீளமான கால்களோடு வரும் சாதாரண 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றை எடுத்து, இரண்டு வாய்களையும் இணைக்கும் கோட்டுக்கும் தரைக்கும் நடுவே பற்றவைத்து எஸ்21 பார்த்தேன். 5 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆழமாக ஒரு பள்ளம், அதற்கு மேலே கோடு திரும்ப ஏற ஆரம்பித்துவிட்டது. கால்களின் நீளமே 10 நானோஹென்றி அளவுக்கு இண்டக்டராக நடந்துகொள்கிறது, 5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே நான் போட்டது மின்தேக்கியே இல்லை. காலை ஒட்ட நறுக்கி மறுபடி வைத்தால் பள்ளம் கண்ணெதிரே வலப்பக்கம் நகர்கிறது. சப்ளை பின்னுக்குப் பக்கத்திலேயே டீகப்ளிங் (சப்ளையின் இரைச்சலைத் தரைக்கு இறக்கும் மின்தேக்கி) போடு என்று எத்தனை தடவை படித்திருப்பேன், அன்றைக்குத்தான் உறைத்தது.

குவார்ட்ஸ் கிறிஸ்டல் இன்னும் வேடிக்கை. 10 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலை மாட்டி முழு வரம்பில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, வலையின் கண்ணை விட மீன் சின்னது. 9.99 முதல் 10.03 வரை சுருக்கினால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 400 ஹெர்ட்ஸ், அப்போது ஊசி மாதிரி ஒரு உச்சியும் அதற்குச் சற்று மேலே ஒரு குழியும் எழும்பி வரும். அதன் உலோக மூடியில் விரலை வைத்துப் பாருங்கள், கோடு நகரும். கணினியில் நானோ விஎன்ஏ சேவர் என்ற இலவச மென்பொருளோடு இணைத்தால் வரம்பைத் துண்டு துண்டாக ஓட்டி ஆயிரக்கணக்கான புள்ளிகள் வாங்கலாம், டச்ஸ்டோன் கோப்பாகச் (எஸ் அளவுகளுக்கான பொது வடிவம்) சேமிக்கவும் செய்யலாம். சின்னத் திரையில் விரலால் மெனு தேடி அலுத்தவர்களுக்கு இது நல்ல வழி.

ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றிச் செய்யும் சோக்குகளையும் (கேபிளின் வெளிப்பக்கம் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுப்பவை) இதில்தான் சோதிக்கிறேன். இரு வாய்களுக்கும் நடுவே தொடராக வைத்து எஸ்21 பார்த்தால், 40 டெசிபெல் இறக்கம் என்பது ஏறக்குறைய 10,000 ஓம், 30 என்றால் 3,000. எத்தனை சுற்று போதும் என்ற வாய்ச்சண்டைக்கு இரண்டு நிமிடத்தில் விடை.

இனி குறைகள். 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இது தன் சொந்தக் காலில் நிற்கிறது. அதற்கு மேலே எஸ்ஐ5351 தரும் சதுர அலையின் மூன்றாவது ஹார்மோனிக்கை (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் இருக்கும் பகுதி) எடுத்துக்கொள்கிறது, 900-க்கு மேலே ஐந்தாவதை. மூன்றாவது ஹார்மோனிக் அடிப்படை அலையை விட 9.5 டெசிபெல் குறைவு, ஐந்தாவது 14 குறைவு, எனவே டைனமிக் ரேஞ்சும் (அளக்க முடிந்த பெரிய, சிறிய சிக்னல்களுக்கு நடுவே உள்ள தூரம்) படிப்படியாக இறங்கும். ஒரு ஃபில்டரை அகலமாக ஓட்டினால் சரியாக 300-ல் இரைச்சலின் அடித்தளம் படியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். வைஃபை ஆன்டெனா அளக்க வேண்டும் என்பவர்கள் இந்த மாடலை வாங்காதீர்கள், அதற்கு இதன் வரம்பு எட்டாது.

சதுர அலை என்பதால் ஆம்ப்ளிஃபையர் சோதனையிலும் ஜாக்கிரதை தேவை. நான் 20 டெசிபெல் கெயின் (பெருக்கம்) உள்ள ஒன்றை அப்படியே மாட்டிவிட்டு, கெயின் 12 தான் வருகிறதே என்று சர்க்யூட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். திணறிக்கொண்டிருந்தது ஆம்ப்ளிஃபையர், திணறடித்தது நான். உள்ளே போகும் பக்கம் 20 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) ஒன்றை வைத்து, அதோடு சேர்த்தே த்ரூ கேலிபரேஷன் (இரு வாய்களையும் நேராக இணைத்துச் செய்வது) செய்ததும் எண் சரியாக வந்தது. இன்னொன்று, இது ஒரு திசையில்தான் அளக்கும். எஸ்22, எஸ்12 வேண்டுமென்றால் பொருளைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். ரேடியோவை இதன் வாயில் மாட்டி டிரான்ஸ்மிட் பட்டனை அழுத்தக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

உடல்வாகு சுமார்தான். வெயிலில் திரை தெரியாது, மாடியில் நின்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். மொட்டை மாடி வேலைதான் அதிகம் என்றால் 4 அங்குலத் திரை உள்ள ஹெச்4 எடுங்கள். எஸ்எம்ஏ கனெக்டர்கள் போர்டில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டவை, இரண்டாம் வருடம் ஒன்று ஆட்டம் கண்டு அளவு தாவிக்கொண்டே இருந்தது. மறுபடி பற்றவைத்தேன், இப்போது இரு வாயிலும் ஒரு சின்ன அடாப்டரை நிரந்தரமாக விட்டுவிட்டேன், தேய்வது அதுவாக இருக்கட்டும். முறுக்கும்போது நட்டை மட்டும் சுழற்ற வேண்டும், கேபிளையே சுழற்றினால் நடு ஊசி அரைபட்டுப் போகும்.

கடைசியாக அந்த லோட். பெட்டியில் வந்த 50 ஓம் லோட் ஒரு தடவை கீழே விழுந்தது, எடுத்துத் துடைத்துவிட்டு வழக்கம்போல உபயோகித்தேன். சில வாரம் கழித்து ஏதோ ஒரு சந்தேகத்தில் மல்டிமீட்டர் வைத்தால் 54 ஓம். அதை 50 என்று நம்பித்தான் கருவி அத்தனை நாளும் கணக்குப் போட்டிருக்கிறது, அப்படியென்றால் 28 டெசிபெல்லுக்கு மேலே திரை காட்டிய எந்த ரிட்டர்ன் லாஸும் (திரும்பி வந்தது எத்தனை டெசிபெல் குறைந்தது என்ற எண்) வெறும் அலங்காரம். அதில் ஒன்றை 38 டெசிபெல் என்று படம் எடுத்து நண்பர்களுக்கு வேறு அனுப்பியிருந்தேன். புது லோட் வாங்கியாயிற்று. பழையதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் 54 என்று எழுதி வைத்திருக்கிறேன், கேலிபரேஷன் சரியா என்று சோதிக்க இப்போது அதுதான் உதவுகிறது: மாட்டினால் புள்ளி நடுவிலிருந்து ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும்.