வறுத்த மண்ணிலும் 'நுண்ணுயிர் அதிகம்': செடியின் மின்துடிப்பு பார்க்கும் கருவி

பெட்டியின் மேல் 'வேரும் நுண்ணுயிரும் பேசுவதைக் கேளுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இருபது வருடம் இ.சி.ஜி. எடுத்தே காலம் தள்ளியவன் நான். மனிதர் நெஞ்சில் ஒட்டியதைச் செடியில் ஒட்டினால் என்ன வரும் என்ற ஆசையில் வாங்கிவிட்டேன்.

உள்ளே சில்வர் குளோரைடு பூசிய இரண்டு வெள்ளிக் கம்பிகள், மண்ணில் குத்த ஓர் எஃகு ஊசி, சின்னக் குப்பியில் ஜெல், தீப்பெட்டி அளவில் ஓர் ஆம்ப்ளிஃபயர், போனுக்கு ஒரு செயலி. கம்பிகள் தரமானவை. வயர்தான் மட்டம், கை பட்டாலே கோடு துள்ளுகிறது. டேப் போட்டு மேஜையோடு ஒட்டிய பிறகுதான் அடங்கியது.

முதலில் தொட்டாற்சிணுங்கியின் தண்டில் மாட்டினேன். நுனி இலையில் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர். கோடு கொஞ்ச நேரம் சும்மா ஓடியது, அப்புறம் சட்டென்று சரிந்தது, நிதானமாக மேலே ஏறியது. இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பிக்கொண்டே கம்பியை நோக்கி வந்தன. இதயத் துடிப்பு ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். இங்கே எழுந்திருக்கவே பல நொடி. நம் நரம்பில் சேதி நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும், இதில் சில சென்டிமீட்டர்தான். இதயத்தில் சோடியம் உள்ளே பாய்ந்து துடிப்பைக் கிளப்பும்; செடியில் கால்சியம் உள்ளே வர, குளோரைடு வெளியே போகும். பழையபடி ஆக இரண்டிலும் பொட்டாசியம்தான் வெளியேற வேண்டும். ஜகதீஷ் சந்திர போஸ் நூறு வருடத்துக்கு முன்பே இதே செடியில் பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன். இதுவரை ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன்.

வேருக்கு வந்தபோதுதான் சிக்கல். ஊசியைக் குத்தித் தண்ணீர் ஊற்றியதும் பெரிய பெரிய அலைகள். செயலியில் பச்சை எழுத்தில் 'நுண்ணுயிர்ச் செயல்பாடு: அதிகம்'. எங்கள் தொழிலில் விசித்திரமான கோடு வந்தால் முதலில் லீட் (உடம்பில் மாட்டும் வயர்) கழன்றிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். அதே புத்தியில், செடியே இல்லாத தொட்டியில் மண் போட்டுப் பார்த்தேன். அந்த மண்ணையும் சட்டியில் ஒரு மணி நேரம் வறுத்து எடுத்தேன் (சட்டிக்காக வாங்கிய திட்டு தனிக்கதை). ஆற வைத்துத் தண்ணீர் ஊற்றினால் அதே அலை, அதே 'அதிகம்'! மண் துகள்களுக்கு இடையே நீர் நகர்ந்தாலே மின்னழுத்தம் உண்டாகும்; ஊசியைச் சுற்றி உப்பின் அளவு மாறினாலும் கோடு நகரும். செயலி அதைத்தான் பேச்சு என்கிறது.

உண்மையில் வேரடியில் நடப்பது இதைவிடச் சுவாரசியமானது, அதனால்தான் கோபம். வேர் செல்லின் உட்புறம் வெளியைவிட 100 முதல் 200 மில்லிவோல்ட் வரை எதிர்மின் தன்மையோடு இருக்கும். அயனிகள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேற, வேரைச் சுற்றி மெல்லிய மின்புலம் உருவாகிறது. வேரழுகலை உண்டாக்கும் கிருமிகளின் வாலுள்ள வித்துகள் அதைப் பிடித்துக்கொண்டு நீந்தி வரும். ஃபைட்டாப்தோரா பாமிவோரா நேர்முனைப் பக்கம் போகும், பித்தியம் அஃபானிடெர்மேட்டம் எதிர்முனைப் பக்கம். இதை 2002-ல் ஒரு ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சு போட்டு வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் ரசாயனச் சேதி வேர்த்தூவியைத் தொட்டாலோ ஓரிரு நிமிடத்தில் செல்லின் அந்த மின்னழுத்தம் சரியும்; சுமார் பத்து நிமிடம் கழித்து உட்கருவைச் சுற்றிக் கால்சியம் துடிக்கத் தொடங்கும். வேர்முடிச்சுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அதையெல்லாம் மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி முனையை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தும், ஒளிரும் சாயம் ஏற்றியும்தான் பார்ப்பார்கள். ஈர மண்ணில் எஃகு ஊசியைக் குத்துவது, நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்து, தொட்டி விளிம்பில் லீட் மாட்டி இ.சி.ஜி. எடுப்பது மாதிரி.

தயாரிப்பாளருக்கு வறுத்த மண் கதையை எழுதினேன். செயலியை அப்டேட் செய்யச் சொன்னார்கள். செய்தேன். 'அதிகம்' இப்போது நீல நிறத்தில் வருகிறது.

வேருக்காக வாங்காதீர்கள், தண்டுக்காக என்றால் வாங்கலாம். ஜெல் தீர்ந்ததும் என்னிடமிருந்த இ.சி.ஜி. ஜெல்லைப் பூசினேன். அதில் உப்பு அதிகம் போல, மறுநாள் தண்டில் அந்த இடம் மட்டும் கருத்துப்போயிருந்தது. அந்தத் தப்பு என்னுடையது, கருவி மேல் போட மாட்டேன்.