போனான் மொழி: கான்சுவிலா, தோங்ரெனிலா, எங்கே நிலைக்கும்?

போனான், சீனாவில் பேசப்படும் ஒரு சிறிய மங்கோலியக் குடும்ப மொழி. 19ஆம் நூற்றாண்டில் இதைப் பேசிய முஸ்லிம்கள் சிங்ஹாய் மாகாணத்தின் தோங்ரெனை விட்டுப் பக்கத்து மாகாணமான கான்சுவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பௌத்தர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

கான்சு பக்கம் எல்லாம் சாதகமாகத் தெரியும். 'பவோஆன்' என்று அரசு ஏற்ற தனி இனம், 2010 கணக்கெடுப்பில் சுமார் 20,000 பேர், 1981இல் அமைந்த ஜிஷிஷான் தன்னாட்சி மாவட்டத்தில் பங்கு. ஆனால் பள்ளி, சந்தை, வேலை எல்லாமே சீன மொழியில். இனத்தவரில் பலர் வீட்டிலும் அதற்கே மாறிவிட்டார்கள். அங்கீகாரம் கிடைத்தது ஆட்களுக்கு, மொழிக்கு அல்ல.

தோங்ரென்காரர்களுக்கு அதுவும் இல்லை. அரசுப் பதிவில் அவர்கள் 'தூ' என்ற வேறொரு இனம். பேசுவோரும் சில ஆயிரம் பேர்தான். அங்கே நெருக்கடி முதலில் திபெத்தியிலிருந்து வருகிறது: மடாலயம், சுற்றியுள்ள ஊர்கள், எழுத்து எல்லாம் அதுதான். சீனம் அப்புறம் சேர்ந்துகொண்டது.

சரி, எது தாக்குப்பிடிக்கும்? என் கணிப்பு தோங்ரென். ஒருசில கிராமங்களில் நெருங்கி வாழ்கிறார்கள், அன்றாடப் பேச்சு இன்னும் போனானில் நடக்கிறது. அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில வீடுகளில் பிள்ளைகளோடு இப்போது திபெத்தியில்தான் பேசுகிறார்கள்.