காயிலா, பிளக்கா, வயரா? மிஸ்ஸிங் அடிக்கும் பெட்ரோல் காருக்கு எந்தச் சோதனை, எந்தப் பாகம்

பெட்ரோல் கார் மிஸ்ஸிங் அடிக்கிறது (அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் உதறுகிறது), செக் இன்ஜின் லைட் எரிகிறது என்று கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "நாலு காயிலும் மாத்திடலாம் சார், அப்புறம் பிரச்சினையே வராது" என்பது ஒன்று. "முதல்ல பிளக்க மாத்திப் பார்ப்போம்" என்பது இன்னொன்று. (பிளக் சிலிண்டருக்குள் பொறி விடும்; அதற்கான உயர் வோல்ட்டைத் தருவது காயில்.) இரண்டிலுமே எந்த சிலிண்டர், எந்தப் பாகம் என்று யாரும் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. அவற்றில் சில நம்பகமானவை, சில வீண் வேலை, ஒன்று ஆபத்தானது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனையில், ஸ்கேனரை வைத்துக்கொண்டு காயிலை இடம் மாற்றிப் பார்ப்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. செலவில், ஒரு தரமான காயிலும் ஒரு செட் புதுப் பிளக்கும் வாங்குவது, மலிவான நாலு காயில் வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

முதலில் உங்கள் காரில் எந்த வகை இக்னிஷன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்பாசடர், பத்மினி, கார்புரேட்டர் மாருதி 800 காலத்தில் ஒரே காயில்தான். டிஸ்ட்ரிபியூட்டர் அதன் மின்சாரத்தை எல்லாப் பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். காயில் போனால் எல்லா சிலிண்டரும் சேர்ந்தே படுத்துவிடும் என்பதால் அங்கே பெரிய குழப்பம் இல்லை. அடுத்து வந்தது சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10 போன்றவற்றில் இருக்கும் காயில் பேக். நாலு சிலிண்டருக்கு இரண்டு காயில், பிளக்குக்கு வயர் போகும். ஒரே காயிலின் இரண்டு முனைகள் 1, 4 சிலிண்டர்களுக்கும், இன்னொன்றின் முனைகள் 2, 3 சிலிண்டர்களுக்கும் போகின்றன. இந்த அமைப்பே பாதி நோயைச் சொல்லிவிடும். 1-ம் 4-ம் ஒன்றாக மிஸ் அடித்தால் சந்தேகம் காயிலின் மேல். 4 மட்டும் அடித்தால் முதலில் அதன் வயரையும் பிளக்கையும் பாருங்கள். இரவில் பானெட்டைத் திறந்து, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஓடும் இன்ஜினின் பிளக் வயர்கள்மேல் லேசாகத் தண்ணீரைத் தூவினால், கசியும் வயரில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும்.

இன்று வரும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனித்தனிக் காயில். வயரே கிடையாது. இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் அதைப் பற்றித்தான்.

மல்டிமீட்டர்: பாஸ் காட்டும், ஆனால் நம்பாதீர்கள்

காயில் என்பது பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000 முதல் 40,000 வோல்ட் வரை ஏற்றும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பழைய காயிலில் பிரைமரி சுற்று (12 வோல்ட் பக்கம்) ஒரு ஓம் அளவிலும், செகண்டரி (உயர் வோல்ட் பக்கம்) சில ஆயிரம் ஓம் அளவிலும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காயில் போச்சு. இந்தக் கணக்கு அப்படியே மனதில் தங்கிப்போய், இன்றைய காயிலையும் மீட்டரில் வைத்துப் பார்க்கிறார்கள். பல காயில்களுக்குள் சுவிட்ச் செய்யும் டிரான்சிஸ்டரும், செகண்டரி பக்கத்தில் டையோடும் இருக்கின்றன. ஓம் மீட்டரின் சின்ன மின்னழுத்தம் அவற்றைத் தாண்டி உள்ளே போகாது. நல்ல காயிலும் "ஓபன்" என்று காட்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், மீட்டர் சரியென்று சொன்னாலும் காயில் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பது. காயிலின் உள் இன்சுலேஷன் விரிசல் விடுவது சூட்டிலும் உயர் அழுத்தத்திலும்தான் வெளிப்படும். மேஜைமேல் ஆறிக் கிடக்கும் காயிலில் ஒன்றுமே தெரியாது. ஏசி போட்டு, மூன்றாவது கியரில், மெதுவான வேகத்தில் ஏற்றம் ஏறும்போது மட்டும் கார் உதறுவதற்கும் இதுவே காரணம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் காற்று அதிகம் புகுந்து அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் அதே இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். தளர்ந்த காயில் அங்கேதான் கைவிடும். ஐடிலிங்கில் சமர்த்தாகத்தான் இருக்கும். மல்டிமீட்டரை காயிலுக்கு வரும் இணைப்பில் (கனெக்டரில்) 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அது அருமையான கருவி.

பொறி விட்டுப் பார்ப்பது, இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது

பிளக்கை வெளியே எடுத்து பாடியில் தொடவைத்து பொறி வருகிறதா என்று பார்ப்பது நம் ஊரில் பழகிப்போன முறை. தயவுசெய்து இன்றைய கார்களில் இதைச் செய்யாதீர்கள். எர்த் சரியாகப் படாவிட்டால் அந்த வோல்டேஜ் காயிலுக்குள்ளேயே வழி தேடும்; இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் காயிலை இயக்கும் டிரைவர் சுற்றும் போகலாம், உங்கள் கையும் போகலாம். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் பதிலும் அரைகுறைதான்: வெளிக்காற்றில் பாயும் பொறி சிலிண்டர் அழுத்தத்தில் பாயும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்ஜின் ஓடும்போது காயில் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் ஆர்பிஎம் விழவில்லையோ அந்த சிலிண்டர் செத்தது என்று கண்டுபிடிப்பது இதைவிடத் தேவலாம். இழுப்பது 12 வோல்ட் பக்கத்து இணைப்பைத்தான், காயிலையே அல்ல. ஆனால் அந்த நேரத்தில் எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகிறது. சில கார்களில் மிஸ்ஃபயரை (மிஸ்ஸிங்கை) கண்டதும் இசியூவே அந்த சிலிண்டருக்கு பெட்ரோலை நிறுத்திவிடுவதால் முடிவு குழப்பலாம். சில வினாடிகளுக்கு மேல் வேண்டாம்.

ஸ்கேனரும் இடமாற்றமும்

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஓபிடி-2 (கோளாறுகளைக் காரே பதிவு செய்யும் அமைப்பு) கட்டாயம் என்பதால், அதைப் படிக்க ஒரு சாதாரண ப்ளூடூத் டாங்கிளும் ஃபோனில் ஒரு ஆப்பும் போதும். அதில் தெரியும் கோளாறு எண்ணைத்தான் இங்கே 'கோடு' (code) என்கிறேன். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்று இல்லாமல் பரவலான மிஸ்ஃபயர். பி0301, பி0302 என்று கடைசி எண் ஏறிக்கொண்டே போவது சிலிண்டர் எண். பி0351 வரிசை வேறு. அது காயிலின் மின்சுற்றிலேயே கோளாறு என்கிறது. கிராங்க் சுழலும் வேகத்தில் எந்த சிலிண்டர் முறை வரும்போது தளர்வு ஏற்படுகிறது என்பதை வைத்துத்தான் இசியூ மிஸ்ஃபயரைக் கணிக்கிறது. அதனால் பி0302 என்பது "2-ம் சிலிண்டர் எரியவில்லை" என்று மட்டுமே சொல்கிறது. "2-ம் காயில் போச்சு" என்று அது சொல்லவில்லை. கோடைப் பார்த்ததும் காயில் ஆர்டர் போடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

அந்த மீதிக் கேள்விக்கு இடமாற்றம் விடை தரும். இன்ஜின் ஆறியதும் சாவியை அணைத்து, 2-ம் காயிலையும் 3-ம் காயிலையும் மாற்றிப் போடுங்கள். இணைப்பின் பூட்டு நாக்கு வருடக்கணக்கான சூட்டில் நொறுங்கத் தயாராக இருக்கும், நிதானமாக அழுத்துங்கள். பிளக்கைத் தொடாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற வேண்டும். கோடை அழித்துவிட்டு, எந்தச் சூழலில் மிஸ்ஸிங் வந்ததோ அதே சூழலில் ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். 2-லேயே நின்றால் காயிலை விட்டுவிட்டு பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போங்கள். இதற்கு ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஆசிலோஸ்கோப் வைத்துப் பொறியின் வடிவத்தையே பார்ப்பார்கள். விட்டுவிட்டு வரும் பிடிவாதக் கோளாறுக்கு அது வேண்டும், மற்றபடி தேவையில்லை.

காயிலைக் கழற்றிய கையோடு பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் நின்றால் வால்வு கவர் கேஸ்கெட்டோ குழாய் சீலோ போய்விட்டது. அதை மாற்றாமல் போடும் புதுக் காயிலும் அதே கதிதான். இன்ஜின் வாட்டர் வாஷ் செய்த மறுநாள் மிஸ்ஸிங் தொடங்கியிருந்தால் குழியில் தண்ணீர் இருக்கும். அப்புறம் காயிலின் அடியில் இருக்கும் ரப்பர் உறையை (பூட்) புரட்டி, உள்சுவரைப் பாருங்கள். மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு சாம்பல் கோடு தெரிந்தால், பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் பீங்கானின் பக்கவாட்டில் இறங்கி எர்த் ஆகியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நேரே பிளக் பீங்கானிலும் ஒரு தடம் இருக்கும். அப்படியானால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கரண்ட் பழைய தடத்திலேயே இறங்கும். பூட் தனியாகக் கிடைக்கும் மாடல்களில் காயில் செலவே மிச்சம்.

ஒன்றா, முழு செட்டா?

ஒரு காயில் போனால் மற்றதும் பின்னாலேயே போகும் என்பது எல்லாக் காருக்கும் பொருந்தாது. நாற்பதாயிரம் கிலோமீட்டரில் ஒன்று போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிளக்குகளை மட்டும் முழு செட்டாகப் போடுங்கள். தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகலமாகும், காயில் ஒவ்வொரு பொறிக்கும் கூடுதலாக உழைக்கும். காயில்களைக் கொல்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, சில மாதங்களுக்குள் இரண்டாவதும் போனால் செட் மாற்றுவது நியாயம். தயாரிப்பிலேயே குறை என்று தெரிந்தாலும் அப்படித்தான்: 2003-இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் தன் லட்சக்கணக்கான கார்களுக்குக் காயில் மாற்றித் தர முன்வந்தது அந்த வகை. பின்வரிசைக் காயிலுக்காக இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டிய வி6 கார் வைத்திருப்பவர்களும், கூலியை நினைத்து அந்த வரிசை மூன்றையும் ஒன்றாக மாற்றலாம்.

கம்பெனி பெட்டியில் வருவதும், அதே காயிலைச் செய்யும் டென்சோ, பாஷ் போன்றவர்களின் சொந்தப் பெட்டியில் வருவதும் ஏறக்குறைய ஒரே தரம். பாகத்தின் எண் பொருந்தினால் இரண்டாவது லாபம். பெயர் தெரியாத நாலு காயில் செட் வேண்டவே வேண்டாம். அதை வாங்கினால், காரில் ஓடிக்கொண்டிருந்த மூன்று நல்ல காயில்களை எடுத்துவிட்டு, எவ்வளவு நாள் உழைக்கும் என்று தெரியாத மூன்றைப் போடுகிறீர்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும் பழைய காயிலை நான் ஒரே ஒரு வேலைக்குத்தான் வாங்கச் சொல்வேன்: வெளியூர்ப் பயணத்தில் டிக்கியில் ஸ்டெப்னி போலக் கிடக்க.

ஒரு அவசர விஷயம். லைட் நிலையாக எரிந்தால் கவனமாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கும் அளவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஓரம் கட்டுங்கள். காயில் செலவைப் போல் பல மடங்கு கன்வெர்ட்டருக்கு ஆகும்.

மாற்றி முடித்ததும் கோடை அழித்துவிட்டு, ஐடிலிங்கில் நன்றாக இருக்கிறது என்று காரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சூடேறிய இன்ஜினோடு, ஏசி போட்டு, ஒரு மேம்பாலமாவது ஏற்றிப் பாருங்கள். உங்கள் ஆப்பில் மோட் 06 இருந்தால் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையைக் காட்டும். மாற்றிய சிலிண்டரில் அந்த எண் ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது. ஏறினால், கோடு வருவதற்கு முன்பே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.