ஸ்டவுட்டுக்கு ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்: 100 கிராம் பாக்கெட் எப்படி?

ஸ்டவுட் என்ற கருநிற பீரை வீட்டில் காய்ச்சுபவர்கள் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவில் ஓர் இங்கிலாந்து ரகம் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ். பெல்லட் (பூவை அரைத்து அழுத்திய சிறு உருண்டை) ஒன்றை விரலால் நசுக்கி முகர்ந்தால் தேனும் ஈர மண்ணும் கலந்த மெல்லிய வாசனை வர வேண்டும். நிறம் வெளிர் பச்சை. பழுப்பேறி, நாள்பட்ட சீஸ் வாடை அடித்தால் காற்றுப் பட்டு ஹாப்ஸ் கெட்டுவிட்டது. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். வாங்கும்போது அறுவடை ஆண்டையும் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் அளவையும் கட்டாயம் பாருங்கள். கோல்டிங்ஸில் அது ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம் வரை மாறும். 20 லிட்டர் ஐரிஷ் டிரை ஸ்டவுட்டுக்கு 5 சதவீதச் சரக்கு 60 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதித்தால் சுமார் 37 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) கசப்பு கிடைக்கும். சரக்கு 4 சதவீதமாக இருந்தால் 75 கிராம் வேண்டும். இதைக் கவனிக்காமல் பழைய குறிப்பை அப்படியே பின்பற்றினால் ஸ்டவுட் சப்பென்று இனிக்கும்.

ஒரு மணி நேரக் கொதியில் வாசனையில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். அதனால் 12 சதவீத ஆல்ஃபா உள்ள மேக்னம் ரக ஹாப்ஸ் 25 கிராம் போட்டாலும் அதே கசப்புதான். செலவு மிச்சம், அடியில் தங்கும் கசடும் குறைவு. கடைசி நேரத்தில் ஹாப்ஸ் சேர்க்காதவர்களுக்கு மேக்னமே போதும் என்பது எங்கள் கருத்து. சிட்ரா, காஸ்கேட் ஆகிய இரண்டு ஹாப்ஸ் ரகங்களையும் இந்த வகை ஸ்டவுட்டில் தவிர்த்துவிடுங்கள். வறுவல் சுவைமேல் கிரேப்ஃப்ரூட் வாசனை ஒட்டவே ஒட்டாது.

உண்மையில் ருசியைத் தீர்மானிப்பது வறுத்த பார்லி. பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர்நிற பார்லி) 2.8 கிலோ, பார்லி அவல் 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம் என்ற கணக்கு நன்றாக அமையும். வறுத்த பார்லிக்குப் பதில் பிளாக் மால்ட்டை (கருக வறுத்த மால்ட்) அதே அளவு போட்டால் டிகாக்‌ஷன் மணம் போய்க் கரிச் சுவை தலைதூக்கும். கடையில் அரைத்து வாங்கினால் பிரித்துப் பாருங்கள்: மணி இரண்டு மூன்றாக உடைந்திருந்தால் போதும். காபித்தூள் மாதிரி நைசாக இருந்தால் தொண்டையில் கமறும், வடிகட்டலும் அடைத்துக்கொள்ளும். பார்லி அவலின் பிசுபிசுப்பும் அடைப்புக்குக் காரணம். ஒரு கைப்பிடி உமி கலந்தால் சரியாகும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கருவறுவல் தானியம் மாஷின் (தானியத்தைச் சுடுநீரில் ஊறவைத்த கலவை) அமிலத்தைக் கூட்டும். ஐரிஷ் ஸ்டவுட்டின் ஊரான டப்ளினில் தண்ணீரில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அதிகம் என்பதால் அங்கே அது ஈடுகட்டிக்கொண்டது. ஆர்ஓ தண்ணீரில் pH 5.2-க்குக் கீழே இறங்கி, சாம்பலும் புளிப்புமாக நாக்கில் உறுத்தும். மாஷ் 66 டிகிரியில் நிற்கும்போது அளந்து பார்த்து, சமையல் சோடாவை ஒவ்வொரு கிராமாகச் சேர்த்து 5.4-க்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு வழி: வறுத்த பார்லியை மாஷின் கடைசி 15 நிமிடத்தில் மட்டும் சேர்ப்பது.

கோல்டிங்ஸ் பாக்கெட்டில் ஒரே குறை, அதற்கு ஜிப் கிடையாது. மீதி 40 கிராமைக் காற்றை முழுக்க வெளியேற்றி ஒட்டி, ஆல்ஃபா எண்ணை மேலே எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.