நனைந்த கன்வெர்டிபிள்: ஸ்கேனரா, மல்டிமீட்டரா, கார்ப்பெட்டைத் தூக்குவதா?

நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து ரிமோட் வேலை செய்யவில்லை. உள்விளக்கு தானாக எரிந்து தானாக அணைகிறது. நடுராத்திரியில் அலாரம் அலறுகிறது. அடுத்த நாள் காலையில் பேட்டரி காலி. மடக்குக் கூரை உள்ள காரில் இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் தனித்தனியாகத் துரத்த வேண்டாம். தண்ணீர் உள்ளே எங்கோ இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

எங்கே இறங்கியது, எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆளுக்கொரு வழி. ஸ்கேனரைச் சொருகிப் பார் என்பார் ஒருவர். மல்டிமீட்டரை எடு என்பார் இன்னொருவர். முதலில் சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கு என்பார் மூன்றாமவர். சந்தேகப்பட்ட மாட்யூலை, அதாவது காரின் ஒரு வேலையைக் கவனிக்கும் மின்னணுப் பெட்டியை, மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்பவரும் உண்டு. நான்கையும் ஒரே காரில் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே உதவுகிறது என்று தெரியும். அதற்கு 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக்கொள்கிறேன். 986 என்றால் அந்தக் காரின் ஆட்களுக்குப் புரியும்.

அதை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கூரை மடங்கி உட்காரும் இடத்தில் இருபுறமும் டிரெயின் துளைகள். துணிக்கூரையில் விழும் மழைநீர் ஓரமாக வழிந்து அந்தத் துளைகளில் இறங்கி, குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் காருக்கு அடியில் கொட்ட வேண்டும். மரத்தடியில் நிற்கும் காரில் இலையும் சருகும் மண்ணும் சேர்ந்து துளையை அடைத்துவிடும். அடைத்த பின் அடுத்த வழி, சீட்டுக்குப் பின்புறம் வழியாகக் காருக்குள். தண்ணீர் தரையின் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். அந்தத் தாழ்வான இடத்தில்தான், சீட்டுக்கு அடியில், அலாரம், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர், சென்ட்ரல் லாக்கிங் மூன்றையும் கவனிக்கும் பெட்டி இருக்கிறது. இடது ஸ்டீயரிங் கார்களில் அது ஓட்டுநர் சீட்டுக்கு அடியில். தலைக்கு மேல் இருக்கும் துளை அடைத்தால் காலுக்குக் கீழ் இருக்கும் பெட்டி கெடுகிறது. கோளாறின் அறிகுறி ஓரிடத்தில், காரணம் வேறிடத்தில். இந்த இடைவெளியை எந்த வழி சீக்கிரம் கடக்கிறது என்பதே இங்கே கேள்வி.

ஸ்கேனர்

சீட்டைக் கழற்ற வேண்டாம், கை அழுக்காகாது, ஐந்து நிமிடத்தில் பட்டியல் வந்துவிடும். அதனால்தான் எல்லோரும் இதில் தொடங்குகிறார்கள். ஆனால் எந்த ஸ்கேனர் என்பதைப் பொறுத்தே எல்லாம். காரின் சோதனை சாக்கெட்டில் சொருகும் விலை மலிவான புளூடூத் ஓபிடி அடாப்டர் படிப்பது பெரும்பாலும் எஞ்சின், புகை சம்பந்தப்பட்ட எரர் கோடுகளை மட்டுமே. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களில் 2001 முதலும் சட்டம் கட்டாயமாக்கியது அந்தப் பகுதியைத்தான். அலாரம் பெட்டி, ஏர்பேக், கூரை மாட்யூல் இவை பேசும் மொழி ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி. போர்ஷேக்கு டுராமெட்ரிக் போன்ற கருவியோ, கம்பெனியின் பிவிஸ் கருவியோ வேண்டும். மலிவு அடாப்டரில் 'கோளாறு எதுவும் இல்லை' என்று வந்தால் அதை நம்பி எழுந்துவிடக் கூடாது.

சரியான கருவியே கையில் இருந்தாலும், அது சொல்வது எந்த மாட்யூல் புகார் செய்கிறது என்பதை. எது நனைந்தது என்பதை அல்ல. ஒரு எர்த் இணைப்பில், அதாவது கரண்ட் காரின் உடல் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இடத்தில், களிம்பு ஏறினால் அதே எர்த்தைப் பகிரும் எல்லா மாட்யூலும் ஒன்றாகப் புலம்பும். கோடுகளின் பட்டியல் நீளும், அத்தனையும் பொருத்தமில்லாதவையாக இருக்கும். தண்ணீர் கேஸில் அந்த நீளமே ஒரு துப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோடுகள் கூட்டமாக வந்தால், அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துக்கொண்டிருப்பதை விட, அந்த மாட்யூல்களுக்குப் பொதுவான எர்த்தும் ஃபியூஸும் எவை என்று ஒயரிங் படத்தில் பார்ப்பது மேல்.

கார்ப்பெட்டைத் தூக்குவது

என் ஓட்டு இதற்குத்தான். அலுப்பான வேலை, ஆனால் ஏமாற்றாது.

கார்ப்பெட்டை மேலிருந்து தொட்டுப் பார்த்து 'காய்ந்துதான் இருக்கிறது' என்று சொல்பவர்கள் நிறைய. அதன் அடியில் தடித்த ஃபோம் இருக்கிறது. அது லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலே ஒன்றும் காட்டாது. முழங்கையை ஊன்றி அழுத்தினால்தான் தண்ணீர் கசியும். கதவைச் சாத்தி வைத்திருந்த காரைக் காலையில் திறக்கும்போது கண்ணாடியின் உட்பக்கம் வேர்த்திருந்தால் அதுவும் அதே செய்திதான்.

சீட்டைக் கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்ட கனெக்டர்கள் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறம். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அவற்றைப் பிரிக்க வேண்டும். கனெக்டர் பிரிந்திருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்துவிடும். அதை அணைக்க ஸ்கேனர் வேண்டும். அந்த மஞ்சள் ஒயர்களில் மல்டிமீட்டரின் ஓம் அளவையை ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு கரண்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் அபாயம் உண்டு.

பெட்டியின் கனெக்டரைப் பிரித்ததும் பார்க்க வேண்டியது பின்களின் நிறம். வரிசையாகப் பல பின்கள் பளபளப்பாக இருக்கும், ஒன்று மட்டும் பச்சைக் களிம்பேறி, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். அநேகமாக அது எப்போதும் 12 வோல்ட் இருக்கும் பின். சாவியை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் நிற்கிறது. பக்கத்திலேயே எர்த் பின், இரண்டுக்கும் நடுவே தண்ணீர். பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். ஆகவே கார் சும்மா நின்றாலும் அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், எரர் கோடு, ஸ்கேனர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றுவதுதான் முதல் வேலை. வெறும் ஈரம்தான், பெட்டி நனையவில்லை என்றால் கோடுகளை ஒருமுறை படித்துப் படம் எடுத்து வைத்துவிட்டுக் கழற்றலாம்.

தண்ணீர் வந்த வழியையும் இப்போதே பார்க்க வேண்டும். கூரையைப் பாதி திறந்து டிரெயின் துளையில் ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அதே வேகத்தில் காருக்கு அடியில் கொட்டினால் சரி. தேங்கினால் அடைப்பு. புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை விட்டுக் குத்தி எடுக்கலாம். கம்ப்ரஸர் காற்றை அடிப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் அதன் பிறகு எல்லா மழையும் நேராக உள்ளேதான். துளை சரியாக இருந்தும் நனைகிறது என்றால் ஹோஸை எடுத்துக் கதவின் அடியிலிருந்து மேல்நோக்கி, பகுதி பகுதியாக நனைக்க வேண்டும். உள்ளே டார்ச்சோடு ஒருவர் இருக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் சேர்ந்து நனைந்து ஒன்றும் புரியாமல் போகும்.

மல்டிமீட்டர்

கார்ப்பெட்டைத் தூக்கியும் பளிச்சென்று ஒன்றும் தெரியவில்லை, அல்லது எல்லாம் காய்ந்து சில மாதம் ஆகிவிட்டது என்றால் மீட்டர்தான் ராஜா. பழைய நனைவு விட்டுச் செல்லும் கோளாறுகளை வேறு எதுவும் இவ்வளவு துல்லியமாகக் காட்டுவதில்லை.

பேட்டரி இறங்கும் கேஸில் தொடங்குவோம். காரைப் பூட்டி, மாட்யூல்கள் தூங்கும் வரை, அதாவது வேலையை நிறுத்தி மிகக் குறைந்த கரண்டுக்கு இறங்கும் வரை, காத்திருந்து, பேட்டரியிலிருந்து ஓடும் கரண்டை அளக்க வேண்டும். சில கார்கள் பத்து நிமிடத்தில் தூங்கும், சிலவற்றுக்கு 40 நிமிடம் கூட ஆகும். 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 500 மில்லியாம்பியர் ஓடுகிறது என்றால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-ஹவர் போகும். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஐந்தே நாளில் காலி, ஸ்டார்ட் ஆக மறுப்பது அதற்கு முன்பே.

இங்கே பலர் செய்வது, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் கரண்ட் குறைகிறது என்று பார்ப்பது. பழைய கார்களில் இது போதும். மாட்யூல்கள் நிறைந்த காரில் ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் சொருகும்போது தூங்கிய மாட்யூல் விழித்துக்கொள்ளும், மறுபடி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் ஃபியூஸை அப்படியே விட்டு, அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பார்க்கலாம். 10 ஆம்பியர் ஃபியூஸில் 100 மில்லியாம்பியர் ஓடினால் ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அதனால் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டர் தேவை. கரண்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். எதையும் எழுப்பாமல் ஆளைப் பிடித்துவிடலாம்.

இன்னொரு சண்டை, ஓம் அளப்பதா, வோல்டேஜ் டிராப்பை, அதாவது கரண்ட் ஓடும்போது வழியில் இழக்கும் வோல்டேஜை, அளப்பதா என்பது. அரித்துப்போன ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் 'நன்றாக இருக்கிறது' என்றே சொல்லும், ஏனென்றால் அது அனுப்பும் கரண்ட் மிகக் குறைவு. உண்மையான லோடு வந்ததும் அந்த இழை தாங்காது. எனவே லோடு ஓடும்போது மாட்யூலின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே வோல்டேஜைப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அரை வோல்ட் காட்டினால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. தண்ணீர் ஒயரின் உறைக்குள் இழைகளின் இடுக்கு வழியாகவும் ஏறிப்போகும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. அதனால் கனெக்டர் சுத்தமாக இருந்தும் டிராப் அதிகம் என்றால் ஒயரைக் கொஞ்சம் உறித்துப் பாருங்கள். செம்பு நிறம் போய்க் கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் சேர்ப்பதே வழி.

மாற்றிப் போட்டுப் பார்ப்பது

சாதாரண ரிலேக்கு, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்சுக்கு, இது சரி. பக்கத்தில் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இடம் மாற்றினால் போதும். இம்மொபிலைசர் பெட்டிக்கு இது வேலைக்கே ஆகாது. அந்தப் பெட்டியும் எஞ்சின் கம்ப்யூட்டரும் சாவிக்குள் இருக்கும் சிப்பும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்து வைத்திருப்பவை. வேறொரு காரிலிருந்து எடுத்த பெட்டியைச் சொருகினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, பழைய பெட்டி கெட்டதா நல்லதா என்பதும் தெரியாது. தரை ஈரமாக இருக்கும்போதே புதுப் பெட்டியை வைப்பது இதைவிட மோசம். காசும் போய், அடுத்த மழையில் அதுவும் போகும்.

பெட்டிதான் கெட்டது என்று உறுதியான பிறகு மூன்று வழி. முதலில் திறந்து பலகையைப் பார்ப்பது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் போதும், நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரி. மேலோட்டமான களிம்பு மட்டும் என்றால் இதிலேயே உயிர் வந்துவிடுவது உண்டு. அரிசி மூட்டையில் புதைத்து வைப்பதால் பயனில்லை. ஈரம் போனாலும் உப்பும் களிம்பும் அங்கேயே இருக்கும். பலகையின் செம்புத் தடம் அறுந்திருந்தால், பழைய பெட்டியின் நினைவுச் சிப்பில் உள்ள தகவலை வேறொரு நல்ல பெட்டிக்கு மாற்றித் தரும் ஆட்களிடம் போகலாம். சாவி, எஞ்சின் கம்ப்யூட்டர் எதையும் தொட வேண்டியதில்லை. செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இதுதான் பிடித்த வழி. கடைசி வழி புதுப் பெட்டி வாங்கி, அந்தக் காருக்கும் சாவிக்கும் பொருந்துமாறு கோடிங் செய்வது. சிப்பே படிக்க முடியாமல் போனால் இதுதான் கதி. அதனால்தான் கெட்ட பெட்டியைத் தூக்கி எறியக் கூடாது.

கார் மாறினால் வரிசை மாறுமா?

கொஞ்சம் மாறும். 2002 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4, அதாவது இ85, நல்ல உதாரணம். அதில் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப்பின் மோட்டார் பின்பக்க ஓரக் குழியின் அடியில், டிரெயின் போகும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. டிரெயின் அடைத்தால் மோட்டார் மூழ்கும். அங்கே கார்ப்பெட் காய்ந்தே இருக்கலாம், கூரை மட்டும் அசையாது. ஸ்விட்சை அழுத்தும்போது ரிலே 'டிக்' என்கிறதா, மோட்டாருக்கு 12 வோல்ட் போகிறதா என்று மீட்டரில் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். வோல்டேஜ் போயும் சுற்றவில்லை என்றால் மோட்டார்தான். முறைப்படி எடுக்கக் கூரையையே கழற்ற வேண்டும் என்பதால், பலர் அதை வெளியே இழுத்துச் சரிசெய்த பின் டிக்கிக்கு இடம் மாற்றிவிடுகிறார்கள். அடைப்பு திரும்ப வந்தாலும் மோட்டார் தப்பிக்கும் என்பதால் அது நியாயமான வேலைதான்.

மாட்யூல்கள் இரண்டு ஒயர்களில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸில் எல்லாம் இயங்கும் புதிய கன்வெர்டிபிள்களில் ஸ்கேனரின் மதிப்பு கூடுகிறது. எந்த மாட்யூல் பதிலே சொல்லவில்லை என்று அது காட்டும். அங்கேயும் மீட்டர் துணைக்கு வரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கத்து அதிவேக கேன் ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் சுமார் 60 வர வேண்டும், இரு முனைகளிலும் 120 ஓம் இருப்பதால். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். அப்புறம் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும், எதைப் பிரித்ததும் 60-க்குத் திரும்புகிறதோ அந்தக் கிளையில்தான் தண்ணீர். உள்விளக்கு, ஜன்னல் போன்றவற்றுக்கான குறைவேக கேனில் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஒர்க்‌ஷாப்பில் விடுவதாக இருந்தால், 'ஸ்கேன் செய்து சொல்லுங்கள்' என்று விட்டுவிட்டு வராதீர்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா, டிரெயினில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா, எர்த்தில் எத்தனை வோல்ட் டிராப் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் 'மாட்யூல் மாற்ற வேண்டும்' என்று எஸ்டிமேட் வந்தால், காரை எடுத்துக்கொண்டு வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.