கொடைக்கானலுக்கு மூன்று பாதை: மார்கழி மதியத்துக்கு எது சரி?

கொடைக்கானல் ஏற வத்தலக்குண்டு வழி எல்லோருக்கும் தெரியும். கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பழனி வழி. மூன்றாவதாக ஒன்று உண்டு: பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையைச் சுற்றிக்கொண்டு போய், ஊத்து என்ற ஊர் அருகே வத்தலக்குண்டிலிருந்து வரும் பெரிய சாலையைப் பிடிப்பது. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகவும் சாலை இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் மண் சரிந்து அடிக்கடி மூடிவிடுவதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

சீக்கிரம் போக எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், வத்தலக்குண்டு. ஆனால் டிசம்பர், ஜனவரியில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பி, வழியை ரசித்தபடி, இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும் என்றால் வேறு கணக்கு. அந்த மாதங்களில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் இறங்கிவிடும். மலையில் அதற்கும் முன்பே ஏதாவது ஒரு முகடு மறைத்துவிடும். அதனால் எந்தச் சரிவில் எத்தனை மணி வரை வெயில் நிற்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கிலோமீட்டரெல்லாம் அப்புறம்.

வத்தலக்குண்டு சாலைக்கு லாஸ் காட் என்று பழைய பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில்தான் அது முழுதாக வண்டி ஓடும் சாலையானது. அதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ, டோலியிலோதான் ஏற வேண்டும். நல்ல அகலம், ஒழுங்கான வளைவுகள், பஸ் எதிரே வந்தாலும் பயமில்லை. டம் டம் பாறையில் நிறுத்தினால் எதிர்மலையில் தலையாறு அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும், கீழே மஞ்சளாறு அணை. 297 மீட்டர் உயரமுள்ள அந்த அருவியில் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடுதான் தண்ணீர் நன்றாக இருக்கும். ஆக, பருவம் சரிதான், நேரம்தான் இடிக்கிறது. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டே வரும். மூன்று மணிக்குப் போய் நின்றால் அருவியும் அணையும் அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. போதாததற்கு அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று கூட்டம் வரிசை கட்டி வருவதும் இதே பாதையில்தான். வெள்ளி அருவி முன்னால் நிற்கும் கார்களுக்கு நடுவில் முதல் கியரில் ஊர்வதை மலைப்பயணம் என்று என்னால் சொல்ல முடியாது.

பழனி சாலைக்கு வேறு குணம். அது மலையின் வடக்குச் சரிவு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் இந்தச் சரிவில் நிழல் சீக்கிரமே விழுந்துவிடும். நாலு மணிக்கே சன்னலை ஏற்றச் சொல்லும் குளிர். ஆனால் அதிலும் ஓர் அழகு இருக்கிறது: நாம் நிழலில் ஏறிக்கொண்டிருக்க, கீழே பழனிச் சமவெளி முழுவதும் வெயிலில் கிடக்கும். வரதமாநதி அணையில் ஆரம்பித்து ஒவ்வொரு நீர்நிலையும் தனித்தனியாக மின்னும். வளைவு திரும்பும்போது பழனி மலைக்கோயிலும் கண்ணில் படும். வெறும் சமவெளிக் காட்சிக்கு மட்டும் மார்க் போட்டால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். இடைஞ்சல் அடிவாரத்தில்தான். கார்த்திகையிலிருந்து ஐயப்ப பக்தர்கள், தைப்பூசம் நெருங்கினால் பாதயாத்திரைக்காரர்கள் என்று பழனியைத் தாண்டவே பொறுமை வேண்டும். சாலையோரம் வெறுங்காலோடு நடப்பவர்களை ஒட்டி யாரும் வேகமாகப் போகவும் கூடாது.

இனி தாண்டிக்குடி. என் ஓட்டு இதற்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டிவீரன்பட்டியிலேயே காபியின் கதை ஆரம்பித்துவிடும். சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த சௌந்தரபாண்டியனாரின் ஊர் இது. மலையில் விளையும் காபி இறங்கி வந்து பக்குவமாவதும் விலை போவதும் இங்கேதான். சித்தரேவு தாண்டி ஏறத் தொடங்கினால் பெரும்பாறை வரைக்கும் கிழக்குச் சரிவு. மதியத்தில் அது நிழலாகத்தான் இருக்கும், பார்ப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே போய் மலை சற்றே படுத்துக்கொண்டதும் காட்சி மாறும். மேற்கு திறந்துகொள்ளும். சாய்ந்த வெயில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நுழைந்து, அவற்றில் ஏறியிருக்கும் மிளகுக்கொடி மேலும் கீழே நிற்கும் காபிச் செடி மேலும் விழும். மற்ற இரண்டு பாதையிலும் நாம் கீழே பார்த்துக்கொண்டு போகிறோம். இங்கே பார்ப்பதற்கானது பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

அதுவும் டிசம்பர், ஜனவரி காபிப் பழம் பறிக்கும் காலம். தடியன்குடிசை, தாண்டிக்குடிப் பக்கம் சாலையை ஒட்டிய களங்களில் தோல் நீக்கிய கொட்டையைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். நாலு மணிக்கு மேல் போனால் ஒரு வேலை நடக்கும், கவனியுங்கள். மரப்பலகை வைத்த நீளக் கம்பால் கொட்டையை வாரிக் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் கல் வைப்பார்கள். ராத்திரிப் பனி இறங்கி ஈரமானால் கொட்டை கெட்டுவிடும். பழத்தோல் புளிக்கும் வாடை சன்னல் வழியாக உள்ளே வரும். முதலில் முகம் சுளிக்க வைத்தாலும் போகப்போகப் பழகிவிடும். இந்தப் பக்கத்து டீக்கடை ஒன்றில் “அண்ணே, காபி இருக்கா?” என்றேன். “காபி மேல விளையுது, இங்க டீதான் ஓடுது” என்று பதில் வந்தது. மலைவாழைத் தார் தொங்கினால் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். முடிக்கொத்து நோய் வந்து இந்த வாழை மலையில் ஏராளமாக அழிந்துபோன பிறகு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். சாலை ஒடுக்கம். எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுத்து ஒதுங்கத் தெரிந்திருக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தயங்குபவர்கள் பெரிய சாலையிலேயே போகலாம். நேரமும் அதிகம் பிடிக்கும். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்வது நல்லது. யானையும் காட்டுமாடும் நடமாடும் பகுதி என்பதால் இருட்டிய பிறகு இந்தப் பாதையை நினைக்கவே வேண்டாம். காட்டுமாடு சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருங்கள், தானாக நகரும். வயதானவர்களும் வாந்தி எடுக்கும் பிள்ளைகளும் கூட வந்தால் நானே வத்தலக்குண்டு வழியாகத்தான் போவேன்.

மற்றபடி ஒரு மணிக்குள் வத்தலக்குண்டை விட்டுக் கிளம்பினால் வெயில் இருக்கும்போதே பண்ணைக்காடு தாண்டிவிடலாம். ஊத்தில் பெரிய சாலையில் ஏறி, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் போய்ச் சேரலாம். ஊருக்குள் போவதாக இருந்தால் இ-பாஸ் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். 2024 மே 7 முதல் அது கட்டாயம்.

இறங்குவதை மறுநாள் காலை வத்தலக்குண்டு வழியாக வைத்துக்கொள்ளலாம். முந்தைய மதியம் மேகம் மூடியிருந்த டம் டம் பாறையில் காலை வெளிச்சத்தில் அருவியைப் பார்க்க வாய்ப்பு அதிகம். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள், மிச்சமிருக்கும் மலைவாழைச் சீப்பைக் குரங்குகள் விட்டுவைக்காது.